சாரத்தின் மேல் உங்கப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி குடும்பமும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க நம்ம அய்யனாரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் தலைத்திவசத்துக்கு வந்திருந்தபோது என்னைச் சமையல் கொட்டகைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டாய். "அப்பா கொத்தனார் வேலையில எப்படிம்மா இருப்பாரு? அவர் வேலை செஞ்சு நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்லையே." அதற்குள் பந்தியில் ஆள் உட்கார்ந்துவிட்டார்கள், பதில் சொல்ல வாய்க்கவில்லை. மறுநாள் நீயும் விமானம் ஏறிவிட்டாய். போனில் சொல்லலாம் என்றால் நாலு வார்த்தை பேசுவதற்குள் உனக்கும் தொண்டை அடைக்கிறது, எனக்கும் அடைக்கிறது. எழுதினால் நின்று நிதானமாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ட்யூட்டி முடிந்து வந்து பொறுமையாகப் படி.

நீங்கள் இரண்டு பேரும் பார்த்த அப்பா, சனிக்கிழமை ராத்திரி கூலி வாங்கிக்கொண்டு வந்து, கை கால் கழுவி, சோறு தின்றுவிட்டுத் திண்ணையில் சாய்ந்துவிடுகிற அப்பா. என்ன கேட்டாலும் 'ம்' என்பார். "அப்பாவுக்குப் பேசவே தெரியாதாம்மா" என்று சின்ன வயசில் நீ கேட்டிருக்கிறாய். நான் பார்த்தவர் வேற ஆள். சாரத்தில் ஏறிவிட்டால் அந்த மனுசனுக்கு வாய் ஓயாது. கீழே சட்டி தூக்குகிற எங்களோடு பேச்சு, பக்கத்தில் கட்டுகிற கொத்தனாரோடு பேச்சு, யாரும் கிடைக்காவிட்டால் செங்கலோடு பேச்சு. "இந்தா, நீ கொஞ்சம் கோணல், உன்னை உள்பக்கம் திருப்பிவைக்கிறேன்" என்று கல்லைப் பார்த்துச் சொல்வார். வாரம் முழுக்க அப்படிப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து ஓய்ந்துகிடப்பார். இது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதே சைட்டில் நான் சித்தாளாக நின்றேன்.

அவர் கொத்தனார் கரண்டி பிடிக்கப் போனது 1966-ல், பதினாலு வயசில். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்துபோயிருந்தது. உங்கப்பாவின் தாய்மாமன் செட்டிநாட்டு வீடுகளில் மராமத்து பார்க்கிற கொத்தனார். கானாடுகாத்தான், காரைக்குடி, பள்ளத்தூர் என்று ஊர் ஊராகப் போவார். பர்மா, மலாயா, சிலோன் என்று வணிகம் செய்த காலத்தில் நகரத்தார் கட்டிய பெரிய பெரிய வீடுகள். கட்டியவர்களின் பிள்ளைகள் சென்னைப் பக்கம் போய்விட, கல்யாணம் காட்சி என்று வரும்போது மட்டும் வீட்டைத் திறந்து சரிசெய்வார்கள். அந்த வேலைக்குத்தான் மாமன் இவரைக் கையாளாகக் கூட்டிப்போனார்.

அங்கே முதல் வருசம் முழுக்க கரண்டியைத் தொடவே விடவில்லையாம். சுண்ணாம்பு நீற்றுவது, சலிப்பது, ஊறப்போடுவது, அரைப்பது, இவ்வளவுதான். கடுக்காயைத் தட்டித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் வெல்லத்தையும் சுண்ணாம்போடு சேர்ப்பார்கள். வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி கையில் வழுக்க வேண்டும். பூச்சும் ஒரே பூச்சு கிடையாது; ஒன்று காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொன்று, போகப்போக நைசாக. கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்த்து முடித்த சுவரில் முகம் பார்க்கலாம். ஒரு தடவை கானாடுகாத்தான் பக்கம் கல்யாணத்துக்குப் போனபோது, ஒரு வீட்டுத் தூணில் என் கையைப் பிடித்து வைத்தார். சித்திரை வெயிலிலும் சில்லென்று இருந்தது. "இது எங்க மாமன் தேச்சது. நான் முட்டை ஒடச்சுக் குடுத்தேன்" என்றார். அவ்வளவு பெருமையாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வேலை அதிக நாள் ஓடவில்லை. ஊரெல்லாம் சிமெண்டுக்கு மாறியது. ஆனால் அப்போது சிமெண்ட் லேசில் கிடைக்காது. அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது, பெர்மிட் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1982-ல் கட்டுப்பாட்டைப் பாதி எடுத்தார்கள், 1989-ல்தான் முழுசாக எடுத்தார்கள். எங்கள் கல்யாணம் 1976-ல். அப்போதெல்லாம் கடைக்கால் தோண்டிப் போட்டுவிட்டு, சிமெண்ட் வரட்டும் என்று மாதக்கணக்கில் வேலை நின்றுகிடக்கும். வேலை நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் நான் கடைக்குப் போய்க் கடனுக்கு அரிசி கேட்டு நிற்க வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு அன்றைக்கு இருந்த மரியாதை அப்படி. அதனால்தானோ என்னமோ, கலவை ஒரு கரண்டி கீழே சிந்தினாலும் கடைசிவரைக்கும் உங்கப்பாவுக்குப் பொறுக்காது. கீழே ஒரு சாக்கை விரித்துவைத்துத்தான் பூச ஆரம்பிப்பார்.

கல்யாணமாகி மூணாம் மாதமே நானும் வேலைக்குப் போனேன். தலையில் சும்மாடு, அதன்மேல் சட்டி, சட்டி நிறையக் கலவை. முதல் வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "கீழ பாக்காத, எதிர்ல பாத்து நட, கழுத்து தானா நிக்கும்" என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அவர் வேலை எப்படி என்றால், காலையில் வந்ததும் கல்லைத்தான் பார்ப்பார். இரண்டு செங்கலை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவார், கணீர் என்று சத்தம் வர வேண்டும். நகத்தால் கீறிப் பார்ப்பார், கோடு விழக்கூடாது. அப்புறம் மணல். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து உதறுவார். கையில் சேறு ஒட்டியிருந்தால், "ஆத்தா, இதைக் கழுவாமப் போடாதீங்க" என்பார். செங்கலைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைக்காமல் ஒரு கல்லைக்கூட வைக்க மாட்டார். ஊறாத கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும், கலவை செத்துப்போகும் என்பார்.

முதல் வரி கட்டுகிற அன்றைக்கு மட்டும் அவரிடம் பேச்சு இருக்காது. மூலையில் மூன்றடி ஒரு பக்கம், நாலடி மறுபக்கம் அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூலை நேர். இதை இன்ஜினியர் காலேஜில் படித்துவிட்டு வந்து சொல்வார், இவர் மாமனிடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டு வந்து செய்வார். இரண்டு மூலைக்கும் நூல் கட்டி, நூலைத் தொட்டும் தொடாமலும் கல் வைத்துக்கொண்டு போவார். நூலைக் கல் தள்ளிவிட்டால் சுவர் வயிறு தள்ளிவிடும். நாலு வரிக்கு ஒரு தரம் நூலில் தூக்குக்குண்டு விட்டு, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பார். குண்டு ஆடி அடங்குகிறவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் பாப்பா. உன்னைப் பிரசவித்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாரே, அன்றைக்கும் அதே முகம்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். புதுக்கோட்டையில் ஒரு வீட்டு வேலை. பத்து மணி டீக்குப் போய் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, எல்லாரும் ஒதுங்கிவிட்டோம். மழை விட்டு வந்து பார்த்தால் குழைத்துவைத்த கலவை இறுகிப்போயிருக்கிறது. தண்ணி ஊற்றி மறுபடி குழைத்துக் கட்டச் சொன்னார் மேஸ்திரி. எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். மற்ற கொத்தனார்கள் கட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். உங்கப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணி ஊத்துனா குழையும்ணே. பிடிக்காது. நான் கட்ட மாட்டேன்." அப்படியானால் வீணான சிமெண்டை உன் கூலியில் பிடித்துக்கொள்கிறேன் என்றார் மேஸ்திரி. "பிடிச்சுக்கங்க." அவ்வளவுதான் பேச்சு. பிடித்துக்கொண்டார்கள். அந்த வாரம் நம்ம வீட்டில் வெறும் ரசம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "வீட்டுக்காரனுக்குத் தெரியவா போகுது" என்று ராத்திரி கேட்டேன். "எனக்குத் தெரியுமே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வீடு இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர் கட்டிய சுவரைத்தான் பார்ப்பேன்.

ஒரேயடியாக உயர்த்திச் சொல்கிறேன் என்று நினைக்காதே. குடிக்க மாட்டார் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். தளம் போடுகிற அன்றைக்குக் குடிப்பார். அந்த வேலை அப்படி. விடியக்காலை ஆரம்பித்தால் கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அந்த இடத்தில் இணைப்பு விழுந்து பின்னால் ஒழுகும். ஜல்லியும் மணலும் சிமெண்டும் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஏணியில் ஆள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் வீட்டுக்காரர் பிரியாணி போடுவார், ஆம்பிளைகள் மறைவாக ஒதுங்குவார்கள். மற்ற நாளில் தொட மாட்டார். கோபமும் உண்டு. உன் தம்பியை ஒரு தடவை பூச்சைத் தேய்க்கிற மணியாஸ் கட்டையை எடுத்து விளையாடினான் என்று அடித்துவிட்டார். மரச்சாமான்தானே என்று நான் சண்டைக்குப் போனேன். அதன் அடிப்பாகம் ஒரு இடத்தில் நசுங்கினால் பூச்சு முழுக்கக் கோடு விழும் என்று அப்புறம்தான் எனக்கே புரிந்தது.

என் சங்கதியும் ஒன்று இதில் இருக்கிறது, உனக்கு இதுவரை சொன்னதில்லை. கொத்தனார் கூலியில் சித்தாளுக்குப் பாதிதான், சில இடத்தில் அதுவும் கிடையாது. கலவை குழைப்பவள் நான், சுமப்பவள் நான், செங்கல் நனைப்பவள் நான், வேலை முடிந்தபின் சுவருக்குத் தண்ணி ஊற்றுகிறவளும் நான். ஆனால் எத்தனை வருசம் நின்றாலும் பொம்பளை கையில் கரண்டி கொடுக்க மாட்டார்கள். பையன்கள் கையாளாக வந்து மூணு நாலு வருசத்தில் கொத்தனாராகிப் போவான்கள். நான் சித்தாளாக வந்து சித்தாளாகவே நின்றேன். இதை ஒரு நாள் அவரிடம் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, மீந்த கலவையை எடுத்துக்கொண்டு ஒரு பாத்ரூம் சுவருக்கு என்னைக் கூட்டிப்போனார். "மணிக்கட்டால வீசு. தோளால வீசாத." கலவையைச் சுவரில் அடிக்கிறதில்தான் சூட்சுமம், தயங்கி அடித்தால் கீழே விழும், ஓங்கி அடித்தால் தெறிக்கும். அப்புறம் மட்டப்பலகையைக் கீழேயிருந்து மேலே அறுத்த மாதிரி இழுக்க வேண்டும். பல சாயங்காலம் அப்படிக் கற்றுக்கொடுத்தார். நன்றாகப் பூச வந்ததும் மேஸ்திரியிடம் போய், இவளுக்கும் கரண்டி கொடுங்கள் என்று கேட்டார். சிரித்தார்கள். உன் பொண்டாட்டி கொத்தனாரானால் நீ சட்டி தூக்குவாயா என்றார்கள். "தூக்குறேன்" என்றார். கொடுக்கவில்லைதான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடைசிவரைக்கும் சோறு போடலாம் என்று நினைத்தேன். நம்ம வீட்டு அடுப்படிப் பின்சுவர் நான் பூசியது. ஒரு கீறல் இல்லை, அடுத்த தடவை வரும்போது பார்.

அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது 1991-ல். புதுக்கோட்டை மாவட்டமே ராத்திரி ராத்திரி அரிக்கேன் விளக்கும் சிலேட்டுமாக இருந்த காலம். பொம்பளைகள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். வேலைவிட்டு வந்து தலையில் சிமெண்ட் தூசியோடு நானும் போய் உட்கார்ந்தேன். ஊரில் சில ஆம்பிளைகள் கேலி பேசினார்கள். இவர் எனக்காக அடுப்பில் உலை வைத்துவிட்டு உங்களைத் தூங்கவைத்தார். இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன் என்றால் அந்த உலையும் இதில் சேர்த்தி.

1995-ல் நாங்கள் சென்னைக்குப் போனோம். உள்ளூரில் மழை இல்லை, வேலை இல்லை. உங்கள் இரண்டு பேரையும் அப்பத்தாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவோம். நீ பஸ் ஸ்டாண்டில் அழாமல் நிற்பாய், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. பஸ் திருச்சி தாண்டுகிறவரைக்கும் உங்கப்பா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வருவார்.

அங்கே கட்டுகிற கட்டடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை. கட்டடம் எழும்ப எழும்ப, கீழ்த்தளத்திலேயே சாக்குக் கட்டித் தங்கிக்கொள்வோம். வீடு முடிந்து பெயிண்ட் அடிக்கிறபோது நாங்கள் வெளியேற வேண்டும். எத்தனையோ பேரின் வீட்டுக் கூடத்தில் அவர்களுக்கு முன்னால் நாங்கள் சமைத்துத் தின்றிருக்கிறோம். 2000-த்தில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள் அல்லவா, அதற்கப்புறம் பழைய மகாபலிபுரம் ரோடு முழுக்க அடுக்குமாடியாக முளைத்தது. அங்கே வேலையே வேறு மாதிரி. பாரத்தையெல்லாம் கான்கிரீட் தூணும் உத்திரமும் தாங்கும், சுவர் சும்மா மறைப்புக்குத்தான். "இப்பெல்லாம் சுவர் எதையும் தாங்கல, அதனால கட்டுறவனுக்கும் பயம் இல்ல" என்பார். அது அவருக்கு உண்மையான துக்கம்.

அங்கேதான் சாரம் சரிந்தது. சவுக்குக் கட்டையைக் கட்டியிருந்த கயிறு இற்றுப்போயிருந்திருக்கிறது. இரண்டாம் மாடி உயரத்திலிருந்து மணல் குவியலில் விழுந்ததால் உயிர் தப்பியது. இடது கால் முறிந்தது. காண்டிராக்டர் முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்தார், அதற்கப்புறம் அவர் ஆளையே காணவில்லை. கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலியைப் போட்டுத்தான் மருந்து வாங்கினோம். நீ அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடிகிறவரைக்கும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பத்தாவிடம் சத்தியம் வாங்கினார். அந்தப் பொங்கலுக்கு நாங்கள் வராததற்கு 'வேலை மும்முரம்' என்று சொன்னோமே, நிஜக் காரணம் இதுதான்.

கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் அவர் சேர்ந்தது உனக்குத் தெரியும், எதற்கென்று தெரியாது. நம்ம தொழிலுக்கு முதலாளி யார் என்றே தெரியாது பாப்பா. இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு வேறொரு வீடு. விழுந்தால் கேட்க ஆளில்லை, வயசானால் கொடுக்க ஆளில்லை. கட்டடத் தொழிலாளிகள் கூட்டம் போட்டு, ஊர்வலம் போய், கையெழுத்து வாங்கி, வருசக்கணக்காகக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் வந்தது, கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது 1994-ல். மத்திய சட்டம் 1996-ல். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாயை நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்று அதோடு சேர்ந்து வந்த இன்னொரு சட்டத்தில் வைத்தார்கள். யாரும் தானமாகக் கொடுத்ததில்லை, கேட்டு வாங்கியது. வாரியத்து அட்டையை எண்ணெய்த்தாளில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். உன் நர்சிங் படிப்புக்கு வாரியத்திலிருந்து உதவித்தொகை வந்ததே, அந்தக் காசோலையை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, "சட்டி தூக்குனவ மக ஊசி போடப் போறா" என்று கொட்டகை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உன்னிடம் என்ன சொன்னார்? 'ம், நல்லாப் படி' என்றிருப்பார்.

பிறகு வடக்கத்திப் பையன்கள் வந்தார்கள். பீகார், ஒடிசா, வங்காளம். நம்ம ஆட்களில் பலருக்கு அவர்கள்மேல் எரிச்சல், கூலியைக் குறைத்துவிட்டான்கள் என்று. உங்கப்பாவுக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனால் பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் கலவையை வெறுங்கையால் அள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அவன் கையைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இவர் கை வெடித்து, தோல் உரிந்து, விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கும். ராத்திரி தேங்காய் எண்ணெய் போட்டுத் துணி சுற்றிக்கொண்டுதான் படுப்பார். பையன் பார்த்தான், மறுநாள் உறை போட்டுக்கொண்டு வந்தான். பாஷை இல்லாமலே அவனுக்கு நூல் பிடிக்கவும் குண்டு விடவும் கற்றுக்கொடுத்தார். அவன் இவரை 'சாச்சா' என்பான். சாவு செய்தி எப்படியோ தெரிந்து புவனேஸ்வரத்திலிருந்து போன் பண்ணி அழுதது அவன்தான்.

அறுபது முடிந்து 2012-ல் ஊருக்கு வந்துவிட்டோம். கால்வலி, இருமல். வாரியத்து ஓய்வூதியம் அப்போது மாதம் ஆயிரம் ரூபாய். அதை வாங்குவதற்குள் அலைந்த அலைச்சல் தனிக்கதை. கைரேகை வைக்கச் சொன்னால் மிஷின் எடுக்காது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், மாற்றி மாற்றி வைத்தாலும் 'மறுபடி வைங்க, மறுபடி வைங்க' என்று அந்தப் பையன் சொல்வான். ரேகையெல்லாம் சிமெண்ட் தின்றுவிட்டது. நாற்பத்தாறு வருசம் வேலை செய்தவரிடம், வேலை செய்த ஆள் நீதான் என்பதற்கு அடையாளம் கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? கடைசியில் கண்ணை வைத்துப் பார்க்கிற மிஷின் வந்த பிறகுதான் தீர்ந்தது. எனக்கு அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கையைத் துண்டில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு என்றால் அவருக்கு என்னவென்று தெரியாது. விடிந்ததும் ஊரைச் சுற்றுவார். எங்கே கடைக்கால் தோண்டினாலும் போய் நிற்பார். கேட்காமல் வாய் திறக்க மாட்டார், கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார். அய்யனார் கோயில் திருப்பணியில் பழைய மதிலைச் சிமெண்ட் வைத்துப் பூசப் போனபோது மட்டும் கேட்காமலே வாய் திறந்தார். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கல்லைத் தின்றுவிடும் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லி, தானே சுண்ணாம்பு நீற்றி, கடுக்காய் வாங்கிவந்து ஊறப்போட்டு, இளவட்டங்களை வைத்து அரைத்து, ஏணியில் ஏறாமல் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பூசவைத்தார். கூலி வாங்கவில்லை. வெல்லத்தை எறும்பு மொய்க்காமல் காவல் காத்தது என் வேலை.

2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடி கட்டடம் இடிந்துவிழுந்த அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் சனிக்கிழமைக் கூலிக்குக் காத்திருந்த தொழிலாளிகள். முதலில் இடி விழுந்ததால் சரிந்தது என்று சொன்னார்கள். "இடிக்கு விழுற கட்டடமா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டார். பிறகு விசாரணையில் கட்டட அமைப்பிலேயே கோளாறு என்று வந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததையும் பார்த்தார். இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. "உள்ள இருந்தவங்க ஊரெல்லாம் எதுனு எழுதிவச்சிருப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாரத்திலிருந்து விழுந்தபோது அவர் சட்டைப் பையில் ஊர் பேர் எழுதிய சீட்டு ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் எப்போதும் ஒன்று வைத்திருந்தார்.

நுரையீரல் படத்தை நீதான் பார்த்துச் சொன்னாய், தூசி படிந்து கெட்டியாகிவிட்டது என்று. அவருக்கு அதற்கு முன்னாலேயே தெரியும். கல் அறுக்கும்போதும் பழைய பூச்சைக் கொத்தும்போதும் மூக்கில் துண்டு கட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம், அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. கடைசி மாதங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீ வந்து பக்கத்தில் இருந்து பார்த்தாய். உன் கையால் மருந்து வாங்கிக் குடித்தது அவருக்கு நிம்மதி. நீ தூங்கப் போன பிறகு, "நேரா ஊசி போடுறா" என்று என்னிடம் சொன்னார். 'நேர்' என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் பாராட்டு அவரிடம் கிடையாது. உனக்கு இது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. திருச்சியில் பிளாட் வாங்கப்போகிறோம், அட்வான்ஸ் கொடுக்கப் போகிறோம் என்று மாப்பிள்ளை தம்பியிடம் சொல்லியிருக்கிறார். நல்ல காரியம். ஆனால் போட்டோவைப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள். பெயிண்ட் எல்லாக் கோளாறையும் மூடிவிடும். சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்க்க வேண்டும், பொத்தென்று சத்தம் வந்தால் பூச்சு உள்ளே விட்டிருக்கிறது. பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் கீழே உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் ஒரு செம்பு தண்ணி ஊற்றினால் ஓட்டையைப் பார்த்து ஓட வேண்டும், நடுவில் தேங்கக்கூடாது. மழைக்காலத்தில் ஒரு தரம் மொட்டைமாடியைப் பார்க்க வேண்டும். கட்டியவரிடம் சுவர் இறுக எத்தனை நாள் தண்ணி விட்டீர்கள் என்று கேட்டு, சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

புரட்டாசியில் லீவு கிடைக்கும் என்றாயே, அப்போது போவோம். தம்பியை வண்டி எடுக்கச் சொல்கிறேன். உங்கப்பாவின் தூக்குக்குண்டும், தரை மட்டம் பார்க்கிற ரசமட்டமும் என்னிடம்தான் இருக்கின்றன, எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பணத்தைக் கொடுங்கள்.

பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா